மூன்றாம் நாளில் மூடிவைத்த மருந்து

 

எங்கள் மதரஸாவில் ஓதும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருபத்தொரு நாட்களுக்கு ஒருமுறை பாடத்திற்குத் தாமதமாக வருவாள். அன்று அவளுக்குப் பென்சிலின் ஊசி போடும் நாள். தொண்டை வலியில் தொடங்கிய துன்பம் அது. கடும் காய்ச்சலோடு எச்சிலையும் விழுங்க இயலாமல் தவித்த பிள்ளைக்கு, மருத்துவர் பத்து நாட்களுக்கு அமாக்ஸிஸிலின் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே காய்ச்சல் தணிந்தது. "புள்ள நல்லாத்தானே இருக்கு" என்று உம்மா மருந்தை நிறுத்திவிட்டார். மூன்று வாரங்களுக்குப் பின் முழங்கால் வீங்கிற்று; அது வடியுமுன் கணுக்கால் வீங்கிற்று. ருமாட்டிக் காய்ச்சல் என்றனர். இதய வால்வையும் அது தொட்டுவிட்டிருந்தது.

அந்தத் தாயைக் குறை கூற எனக்கு மனமில்லை. நம்மில் எத்தனை வீடுகளில் பாதி தீர்ந்த சிரப் புட்டி அலமாரியில் இல்லை?

காய்ச்சல் தணிவது வேறு. கிருமி அழிவது வேறு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியைத் தொண்டையிலிருந்து அடியோடு நீக்குவதற்கே அந்தப் பத்து நாட்கள். வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் சிகிச்சை ஆரம்பமானாலும் ருமாட்டிக் காய்ச்சலைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

அப்படியானால் தொண்டை வலித்தாலே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமா? கூடாது. பிள்ளைகளின் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸினால் வருவது. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் ஆகியவை உடனிருந்தால் பெரும்பாலும் அதுதான். அதற்கு இம்மருந்துகள் ஒரு பயனும் தரமாட்டா. சளியும் இருமலுமின்றித் திடீரெனக் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டி, தொண்டைச் சதையில் வெண்படலம் - ஐந்து முதல் பதினைந்து வயதிற்குள் இவை கண்டால் மருத்துவரிடம் தாமதியாது செல்லுங்கள். தேவையெனில் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

மருந்துக் கடையில் போய் "கொஞ்சம் பவரான மருந்தாகக் கொடுங்கள்" என்று கேட்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமே மிகுகிறது. பென்சிலினை 1928இல் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்டு கிருமிகளைப் பழக்கிவிடாதீர்கள் என்று எச்சரித்தார். அவர் உதாரணமாகக் காட்டியதும் தொண்டை வலிக்காரர் ஒருவரைத்தான். பல கிருமிகள் அவ்வாறே பழகிவிட்டன. ஆயினும், அல்லாஹ்வின் கிருபையால், இந்தத் தொண்டைக் கிருமி மட்டும் இன்றளவும் பென்சிலினை வெல்லவில்லை. எனவே விலை மலிந்த பழைய மருந்தே இதற்குச் சரியான மருந்து. பென்சிலின் ஒவ்வாதவர்க்கே வேறு மருந்து. முன்பு எம்மருந்திலேனும் உடலில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. அண்ணனின் மருந்து தம்பிக்கு ஆகாது என்பதன் காரணம் இதுவே. தூளாக வரும் சிரப்பில் காய்ச்சி ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும்; கலந்தபின் புட்டியில் குறித்த நாட்களுக்கு மேல் அது உதவாது. சமையல் கரண்டி வேண்டாம், உடன் தரும் அளவு மூடியே போதும். ரமளானில் பெரியவர்களைப் பார்த்து நோன்பு வைக்க அடம்பிடிக்கும் பிள்ளைகளும் உண்டு. பருவமடையாத, அதிலும் நோயுற்ற பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை என்று எடுத்துச் சொல்லி, பகல் வேளை மருந்தைத் தவறாமல் கொடுங்கள்.

அட்டையில் சிவப்புக் கோடுள்ள மாத்திரைகள் மருத்துவர் சீட்டின்றி வாங்கத்தக்கவையல்ல. செஃபிக்ஸிம் போன்றவற்றை விற்போர் நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டுமென்ற விதி 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, மருத்துவம் அறியாது மருத்துவம் செய்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் நம் வீட்டு அலமாரிதான் என் நினைவுக்கு வரும்.

அச்சிறுமிக்கு இருபத்தொரு வயதாகும் வரையிலேனும் ஊசி தொடர வேண்டுமாம். இப்போது அவளுடைய உம்மா அந்தத் தேதிகளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். இதுவரை ஒன்றும் தவறவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.