மேனேஜர் ஏசினால் எங்கே போவது?

கற்பிட்டி, ஆலங்குடா, கந்தக்குழிப் பக்கம் கடற்கரை விடுதியில் வேலை செய்கிறீர்களா? அறைகள் நிறைந்திருக்கும் சீசனில்தான் சில மேனேஜர்மாரின் வாயும் கையும் நீளும். சீசன் முடியட்டும் என்று பொறுத்திருந்து, பேசாமல் விலகிவிடுபவர்கள் பலர். அப்படி விலகாதீர்கள். உங்களுக்கு வழி இருக்கிறது.

நியமனக் கடிதமே தரவில்லையே, முறைப்பாடு செய்ய முடியுமா?

முடியும். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் ஹோட்டல்களும் அடங்கும். கடிதம் தரவேண்டியது முதலாளியின் கடமை. நீங்கள் அங்கே வேலை செய்ததைக் காட்ட வாட்ஸ்அப்பில் வந்த டியூட்டி பட்டியல், வங்கியில் விழுந்த சம்பளம், கூட வேலை செய்தவரின் சாட்சி எல்லாம் உதவும். இன்றே அவற்றைப் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். வேலை போனபின் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்கிவிடுவார்கள்.

ஏசுவது குற்றமா?

ஏச்சுக்கென்று தனித் தொழில் சட்டம் இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அடித்தாலோ மிரட்டினாலோ பொலிஸுக்குப் போகலாம். ஏசுகிறவர் பெரும்பாலும் மேலதிக நேரக் காசையும் ஊழியர் சேமலாப நிதியையும் (முதலாளி 12%, நீங்கள் 8% செலுத்தும் ஓய்வுகாலச் சேமிப்பு) பிடித்து வைத்திருப்பார். அதைக் கேட்டு புத்தளத்திலோ சிலாபத்திலோ உள்ள தொழில் அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம். திகதி, நேரம், சொன்ன வார்த்தை, அருகில் நின்றவர் என்று ஒவ்வொன்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள்.

பெண்பிள்ளைகளிடம் அத்துமீறினால்?

அது நேரடியாகக் குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, வேலையிடத்தில் அதிகாரத்தில் உள்ளவரின் விரும்பத்தகாத பாலியல் பேச்சையும் செயலையும் சொல்லியே தடுக்கிறது. ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம். பொலிஸுக்குத் தனியே போகத் தயக்கமென்றால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை முதலில் அழையுங்கள்.

முறைப்பாடு செய்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால்?

தொழில் நியாய சபைக்கு (வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் மன்றம்) போகலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள். அடுத்த சீசன் வரை காத்திருந்தால் அந்தத் தவணை கடந்துவிடும். தொல்லை தாங்காமல் நீங்களே விலகியிருந்தாலும், உங்களைக் கட்டாயப்படுத்தி விலக்கியதாக அங்கே வாதிட இடமுண்டு. அதனால்தான் ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று அவர்கள் நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கக்கூடாது. வெற்றுத் தாள் என்றால் கட்டாயம் மறுத்துவிடுங்கள்.