சுகிஜி சந்தை இடமாற்றம்

சுகிஜி சந்தை இடமாற்றம் என்பது, ஜப்பானின் டோக்கியோ நகரில் 1935 முதல் இயங்கிவந்த சுகிஜி மொத்த விற்பனைச் சந்தை, 2018 அக்டோபரில் ஏறத்தாழ 2 கிமீ தொலைவிலுள்ள டொயோசுவுக்கு மாற்றப்பட்டதைக் குறிக்கும். நூற்றுக்கணக்கான மீன், காய்கறி வணிகர்கள் இடம்பெயர்ந்த போதிலும் வணிகம் நான்கு நாட்களே நின்றது.

தள்ளிவைப்பு

பழைய கட்டடங்கள் நெரிசலாலும் தேய்மானத்தாலும் பயன்பாட்டுக்கு ஏற்றவையாக இல்லை. முதலில் 2016 நவம்பரில் மாறுவதாகத் திட்டமிடப்பட்டது. ஆனால் டொயோசு நிலத்தில் முன்பு எரிவாயு ஆலை இருந்ததால் மண் மாசுபட்டிருந்தது. ஆளுநர் யூரிக்கோ கோய்க்கே இடமாற்றத்தைத் தள்ளிவைத்தார். கட்டடங்களின் அடியில் நிரப்பப்பட வேண்டிய தூய மண் நிரப்பப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. நிலத்தடி நீரில் பென்சீனும் கண்டறியப்பட்டது. அடித்தளத்தில் கான்கிரீட் இட்டு, காற்றோட்டத்தையும் நீர் வெளியேற்றத்தையும் மேம்படுத்தும் பணிகள் 2018 சூலையில் முடிந்தன. புதிய இடத்தில் ஏற்கெனவே முதலீடு செய்திருந்த வணிகர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது.

நான்கு நாட்கள்

அக்டோபர் 6 அன்று சுகிஜியில் கடைசி ஏலம் நடந்தது. மறுநாள் ஞாயிறு, அதற்கடுத்த நாள் அரசு விடுமுறை. இதனால் இழக்கப்பட்ட வேலைநாட்கள் இரண்டே. பொதுமக்களுக்கு இன்னும் திறக்கப்படாத புதிய சாலை வழியாக, 2,000-க்கும் மேற்பட்ட சிறு சுமைவண்டிகளும் கவைத்தூக்கிகளும் அணிவகுத்துச் சென்றன. அக்டோபர் 11 அன்று டொயோசுவில் ஏலம் தொடங்கியது.

பொருட்களைக் கொண்டுசெல்லச் சில நாட்களே போதுமானவையாக இருந்தன. புதிய நிலத்தைத் தகுதிப்படுத்தவே ஆண்டுகள் தேவைப்பட்டன. சுகிஜியின் வெளிச்சந்தைக் கடைகள் இடம்பெயராமல் அங்கேயே தொடர்ந்தன.