காப்பிக் காசு யாருக்கு?

சில நாட்களுக்கு முன் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டிய கை. 55 வயது முடிந்து சேமநிதிப் பணத்தை எடுத்திருக்கிறார்.

"பணம் வந்திருச்சாம்மா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு தம்பி. அதுல ஐந்நூறு வெள்ளிய ஆளுக்குக் குடுத்துட்டேன்."

"எந்த ஆளுக்கு?"

"பட்டணத்துல பாரம் எழுதுற ஆளு. ஆபீசுல காப்பிக் காசு தள்ளணும், இல்லேன்னா பைல் நகராதுன்னாரு. நமக்கு என்னா தம்பி தெரியும்?"

அந்த ஐந்நூறு வெள்ளி எங்கே போனது என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அது எங்கேயும் போக வேண்டிய அவசியமே இல்லை! சேமநிதிப் பணத்துக்கு மனுச் செய்ய ஒரு காசு கட்டணம் கிடையாது. நாங்கள் எந்த ஏஜெண்டையும் வைத்துக்கொள்ளவில்லை என்று ஊழியர் சேமநிதி வாரியம் பல தடவை அறிவித்திருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று கணக்குப் போட்டால், ஐந்நூறு வெள்ளி என்பது ஏறக்குறைய எட்டு நாள் உழைப்பு. எட்டு நாள் வியர்வை காப்பியாகக் கரைந்துவிட்டது.

அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் ஆகும், மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, இது மூன்றும் தெரியாத இடத்தில் யாரும் பயப்படத்தான் செய்வார்கள். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இந்த இருட்டில்தான் லஞ்சம் வளர்கிறது. இருட்டை நீக்கினால் அது வாடும்.

கர்நாடகம் காட்டிய வழி

இதற்கு இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே விவசாயிகளின் நிலப் பதிவேடுகளை ஏறக்குறைய 9,000 கிராமக் கணக்கர்கள் கையால் எழுதி வைத்திருந்தார்கள். பேங்கில் கடன் வாங்க வேண்டுமா? பதிவேட்டின் நகல் வேண்டும். நோட்டுப் புத்தகமோ கணக்கர் கையில். அவர் ஊரில் இல்லை என்றால் இல்லைதான்! கையில் ஏதாவது வைத்தால்தான் நகல் வரும். பேரை மாற்றி எழுதினாலும் கேட்க ஆளில்லை.

1990-களின் கடைசியில் அரசாங்கம் 'பூமி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஏறக்குறைய 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடிப் பதிவேடுகள் கணினியில் ஏற்றப்பட்டன. 177 வட்ட அலுவலகங்களில் சேவை முகப்புகள் திறக்கப்பட்டன. நகலுக்கு 15 ரூபாய் என்று கட்டணமும் நிர்ணயிக்கப்பட்டது.

ஆனால் கணினியை வாங்கி வைத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசைப்படிதான் பார்க்க வேண்டும். வேண்டியவர் மனுவை முன்னே இழுக்க முடியாது. அதிகாரி தன் விரலை வைத்தால்தான் கணினி திறக்கும். எதை யார் திருத்தினார் என்பது அதில் பதிவாகிவிடும். 'நான் செய்யவில்லை' என்று பின்னால் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் எழுதிய நகல் இனிச் செல்லாது என்று அறிவித்தார்கள். பழைய வாசலை அடைத்த பிறகுதான் புது வாசலுக்கு மதிப்பு வந்தது.

அப்படியும் லஞ்சம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. நிலத்தை நேரில் விசாரித்து அறிக்கை எழுதுகிற வேலை மனிதர் கையில்தான் இருந்தது. அந்த இடத்தில் புகார்கள் தொடர்ந்தன. இயந்திரம் எட்டாத மூலையில் பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் 1967-ல் ஊழல் தடுப்பு இலாகா அமைந்தது. 1980-களின் தொடக்கத்தில் அரசாங்க ஊழியர்கள் சட்டையில் பெயர் அட்டை குத்திக்கொண்டு வந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சின்னக் காரியந்தான். ஆனாலும் முகப்பில் இருப்பவர் யார் என்பது அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது. 1993-ல் 'பியாகாம் பெலாங்கான்' என்ற வாடிக்கையாளர் சாசனம் வந்தது. எந்த வேலைக்கு எத்தனை நாள் என்று இலாகாக்கள் சுவரில் எழுதி மாட்டின.

2001-ல் மைகார்டு வந்தது. பெருவிரல் ரேகை அந்த அட்டையிலேயே இருக்கிறது. 2012-ல் சாலைகளில் வேகத்தைப் படம் பிடிக்கும் கேமராக்கள் வந்தன. 'எப்படிச் செட்டில் பண்ணலாம்?' என்று பேரம் பேசக் கேமராவுக்கு வாய் இல்லையே! 2023 முதல் ரோட் டேக்ஸைக் கைப்பேசியிலேயே காட்டலாம்.

சட்டமும் இறுகியிருக்கிறது. 2009-ல் அமலுக்கு வந்த ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி, லஞ்சம் வாங்கினாலும் கொடுத்தாலும் 20 ஆண்டுகள் வரை சிறை; வாங்கிய தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். உங்களிடம் ஒருவர் லஞ்சம் கேட்டால் அதைப் புகார் செய்வதும் உங்கள் கடமை. தகுந்த காரணமில்லாமல் மறைத்தால் அதுவே குற்றம். 'ஊரு உலகமே குடுக்குது' என்பது சட்டத்தின் முன் நிற்காது.

வாசல் மாறியது, தரகர் மாறவில்லை

இன்றைக்கு வேறொரு ஆபத்து வந்திருக்கிறது. பல மனுக்கள் கைப்பேசிக்குப் போய்விட்டன. நம் பெரியவர்களுக்கோ மலாய் எழுத்தும் தடுமாற்றம், கைப்பேசியும் தடுமாற்றம். பாரம் எழுதிய அதே ஆள் இப்போது 'ஆன்லைன்ல போட்டுத் தர்றேன்' என்கிறார். ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். முன்பு காப்பிக் காசு மட்டுந்தான் போயிற்று. இப்போது மொத்தச் சேமிப்பும் போய்விடலாம்!

ஆகவே சிலவற்றை மனத்தில் வையுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் 'கட்டணம் எவ்வளவு?' என்று கேளுங்கள். காசு கட்டினால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். மனு எண்ணை எழுதி வையுங்கள். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரிந்தவரானாலும் சரி. கைப்பேசி ஓடவில்லை என்றால் அடையாளக் கார்டோடு நேரில் போங்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கிற பிள்ளை ஒருத்தரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். யாராவது கையை நீட்டினால் நாள், நேரம், இடம், சட்டையில் உள்ள பெயர் இவற்றைக் குறித்துக்கொண்டு 1-800-88-6000 என்ற ஊழல் தடுப்பு ஆணையத்தின் இலவச எண்ணுக்குச் சொல்லுங்கள். புகார் கொடுப்பவரின் பெயரை மறைத்துக் காக்க 2010-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது.

இதையெல்லாம் லயத்து வாசலில் உட்கார்ந்து அந்த அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"என் காசு போனது போச்சு தம்பி. பக்கத்து வூட்டு அக்காவுக்கு அடுத்த மாசம் 55 முடியுது. அந்த ஆளு இப்பவே வந்து பேசிட்டுப் போயிட்டான். இன்னிக்கு ராத்திரியே போயி, ஒத்தக் காசு குடுக்காதேன்னு சொல்லிப்புடுறேன்."

அந்த அக்காவின் ஐந்நூறு வெள்ளியாவது தப்பட்டும். உங்கள் லயத்தில் அடுத்து 55 வயதாகப் போவது யார்? இன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.