பிறர் பாணியும் மாணவர் கையும்: ஒளிப்படத் திருத்தம் பற்றி ஒரு நோக்கு

ஒளிப்படம் பயிலும் மாணவர் ஒருவர் தாம் எடுத்த படத்தைக் கணினியில் திருத்தும்போது யாருடைய கண்கொண்டு அதனைப் பார்க்கிறார்? இலக்கிய விமர்சனத்திற் ‘செல்வாக்கு’ என நாம் வழங்கும் பிரச்சினையே இங்கும் எழுகின்றது. ஆயின் ஒளிப்படத்தில் அது கூடுதற் கூர்மை பெறுகின்றது. கவிஞர் ஒருவரின் நடையை விலைகொடுத்து வாங்க இயலாது. ஒளிப்படக் கலைஞரின் நடையையோ இன்று வாங்கலாம். 2007இல் வெளிவந்த அடோபி லைற்றூம் போன்ற மென்பொருள்களுக்கென நிறத்தையும் நிழற்செறிவையும் முன்கூட்டியே வகுத்துவைத்த ‘பிறிசெற்’றுகள் பண்டங்களாக விற்கப்படுகின்றன. கொழுந்து பறிக்கும் மலையகப் பெண்ணின் முகமும் ஐரோப்பியக் கோப்பிக் கடையின் மேசையும் ஒரே செம்மஞ்சள் ஒளியில் தோய்ந்துவிடுகின்றன.

இதனைக் கண்டு, பிறர் செல்வாக்கே மாணவருக்கு ஆகாது என்போர் உளர். கலைஞன் தனியனாய்ச் சுயம்புவாய்த் தோன்றுகிறான் என்னும் பழைய கற்பனையின் எச்சமே இக்கூற்று. வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை.

நியூயோர்க்கிலே பள்ளி மாணவராயிருந்த போல் ஸ்ராண்டுக்கு (1890–1976) ஆசிரியராக வாய்த்தவர் லூயிஸ் ஹைன். எல்லிஸ் தீவில் வந்திறங்கிய வறிய குடியேறிகளையும், பின்னர் ஆலைகளில் உழைத்த சிறுவரையும் படம்பிடித்தவர் அவர். அவரே தம் மாணவரை அல்பிரட் ஸ்ரிக்லிற்சின் ‘291’ கலைக்கூடத்திற்கு அழைத்துச் சென்றார். சமூக அவலத்தைப் பதிவுசெய்தவர் தூய கலையின் சந்நிதிக்கு வழிகாட்டியமை சுவையான முரணே. ஸ்ராண்டின் தொடக்ககாலப் படங்கள், அன்றைய ஓவியப்பாங்கைத் தழுவி, மென்வில்லையால் மங்கலாக்கப்பட்டவை. அம்மங்கல் புல், நீர் என்ற வேறுபாட்டையே அழித்துவிடுகிறது என்பது ஸ்ரிக்லிற்சின் கண்டனம். 1915 அளவில் ஸ்ராண்ட் கூர்மையான தெளிவுக்கு மாறினார். 1916இல் நியூயோர்க் வீதியிற் பார்வையற்ற பெண்ணொருத்தியை எடுத்த படத்திலே ஹைனின் பொருளும் ‘291’இன் நவீன உருவமும் சந்திக்கின்றன. ஒன்றுக்கொன்று முரணான இரு செல்வாக்குகள் மோதியதன் விளைவு அது. ஸ்ரிக்லிற்சின் ‘கமரா வேர்க்’ சஞ்சிகை 1917 யூனில் வெளியிட்ட தன் இறுதி இதழை ஸ்ராண்டுக்கே ஒதுக்கியது.

இதனிலும் மனங்கொள்ளத்தக்கது அன்சல் அடம்ஸின் அனுபவம். 1930இல் நியூ மெக்சிக்கோவின் தாவோஸ் ஊரில் அவர் ஸ்ராண்டைச் சந்தித்தார். காட்டுவதற்கு ஸ்ராண்டிடம் அச்சிட்ட படங்கள் இருக்கவில்லை. எதிர்ப்படங்களையே வெளிச்சத்திற் காட்டினார். பியானோக் கலைஞராவதா என்ற தடுமாற்றத்தில் இருந்த அடம்ஸ், அதன்பின் ஒளிப்படத்தையே தம் தொழிலாகக் கொண்டார்; சொரசொரப்பான தாளைக் கைவிட்டு வழுவழுப்பான தாளில் அச்சிடலானார். அவர் கண்டது முடிவுற்ற படத்தின் நிறத்தையோ பூச்சையோ அன்று. ஒளி எங்கே விழுகின்றது, எது விலக்கப்பட்டுள்ளது என்ற தீர்மானங்களையே. பூச்சு இன்மையாற் போலும், அவர் ஸ்ராண்டின் நகல் ஆகவில்லை. 1941இல் எடுத்த ‘மூன்றைஸ்’ படத்தைப் பல தசாப்தங்களாக இருட்டறையில் மீண்டும் மீண்டும் அச்சிட்டபோது வானத்தைக் கருமையாக்கிக்கொண்டே போனார். தம் பாணியையே அவர் நிலையானதாகக் கொள்ளவில்லை.

பிறிசெற் இதற்கு நேர்மாறானது. தீர்மானங்களை மறைத்து அவற்றின் மேற்பூச்சை மட்டும் அது வழங்குகின்றது. பாணியைப் பிறப்பித்த உழைப்பும் சூழலும் அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் நாட்டில் லயனல் வென்ற் (1900–1944), மான் ரே பாரிசிற் பிரபலமாக்கிய ‘சோலரைசேஷன்’ உத்தியை இலங்கை உடல்களிற் கையாண்டார். உத்தி அவர் கையிலே செரித்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் கொழும்பு மேற்குடியின் அழகியல் நோக்கில் உழைப்பவனின் தோள் எழில் வடிவமாயிற்று, உழைப்பு பின்தள்ளப்பட்டது. இதுவும் பாணியோடு சேர்ந்தே மாணவரிடம் வந்துசேரும்.

அண்மையில் மாணவர் ஒருவர் மேற்கூறிய செம்மஞ்சட் சாயலில் திருத்திய தோட்டப் பெண்ணின் படத்தைக் கொண்டுவந்தார். அச்சாயலை நீக்கிப் பார்க்கும்படி கேட்டேன். கொழுந்தின் கறை ஏறிய விரல்கள் புலப்பட்டன. தாம் அவற்றைக் கவனிக்கவேயில்லை என்றார். மறுவாரம் அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொண்டுவந்தார். அது யாருடைய கண் என்று நான் கேட்க, நெடுநேரம் விவாதித்தோம்.