வராண்டாவில் நடக்கும் பாடம்

ஐ.இ.டி. டீச்சர், அதாவது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர், வரும் நாள் எது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தோளில் பெரிய பை, அதற்குள் படம் போட்ட அட்டைகள், மணி கோத்த சட்டம், மரத்துண்டுகள். பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் உள்ளே நுழைந்ததும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பையன் எழுந்து வெளியே வருவான். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. வராண்டாவில் பாயை விரித்து இருவரும் உட்காருவார்கள். கொஞ்ச நேரம் எண்ணுவார்கள், கோப்பார்கள், வண்ணம் தீட்டுவார்கள். பிறகு டீச்சர் அடுத்த ஊர்ப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவார். பையன் வகுப்புக்குத் திரும்பிக் கடைசி வரிசையில் தன் இடத்தில் உட்காருவான். அவர் அடுத்த முறை வரும்வரை அவனுக்கென்று பாடம் கிடையாது.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் 'உள்ளடக்கிய கல்வி' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். அந்தச் சிறப்புப் பயிற்றுநரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு வட்டாரத்துப் பள்ளிகளையெல்லாம் சுற்றுகிறவர் அவர். வட்டார வள மையத்தில் பதிவேடுகள், மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுவது, பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி தருவது எல்லாம் அவர் தலையில்தான். பி.எட். சிறப்புக் கல்வியில் அவர் படித்தது ஏதாவது ஒரு பிரிவு: செவித்திறன், பார்வை, அறிவுசார் குறைபாடு இப்படி. களத்தில் சந்திப்பதோ எல்லா வகைப் பிள்ளைகளையும். இத்தனைக்கும் தொகுப்பூதியம். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியில் ஓடுகிற வேலை இது. 2024-25-இல் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட இழுபறியில் அந்த நிதியில் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்காமல் வைத்திருந்தபோது மேடைகளில் மொழிக் கொள்கைதான் பேசப்பட்டது. இந்த ஆசிரியர்களின் மாதச் சம்பளமும் அதே கணக்கிலிருந்துதான் வரவேண்டும் என்பது யார் காதிலும் பெரிதாக விழவில்லை.

சட்டத்தில் குறை இல்லை. பொதுப்பள்ளியில் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்க 1974-லேயே மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் வெளிப்படையாக அதற்குள் வந்தார்கள். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் அங்கீகரித்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் பட்டியலில் ஏறியது அப்போதுதான். "இதுக்குன்னு தனி ஸ்கூல் இருக்கும்மா, அங்க கொண்டு போங்க" என்று தலைமையாசிரியர் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இன்று அரசுப் பள்ளியில் அப்படிச் சொல்ல முடியாது. இது சின்ன வெற்றி இல்லை. ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறியதோடு நாம் நின்றுவிட்டோமோ என்பதுதான் கேள்வி.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. அடுத்த ஆண்டு மத்திய அரசும் அதையே அறிவிக்கையாக வெளியிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பிள்ளைகள் படிக்கும் கிராமத்துப் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள், மிஞ்சினால் மூன்று. அந்த விகிதம் முழுதாக நிறைவேறினாலும் அந்தப் பள்ளிக்கென்று ஒருவர் வரப்போவதில்லை. பல பள்ளிகளுக்குப் பொதுவாகத்தான் இருப்பார். அப்படியானால் மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் யார்? வகுப்பாசிரியர்தான். வேறு ஆளே இல்லை.

வகுப்பாசிரியரிடம் இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புகளை இருவர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். எச்.எம். மீட்டிங்குக்குப் போய்விட்டால் அன்றைக்கு ஒருவர். "அந்தப் பையனோட தனியா உட்கார்ந்தா மத்த முப்பது பேரை யார் பாக்கிறது சார்?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு தப்புக் கணக்கும் இருக்கிறது: உதவி என்றால் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தருவது என்ற எண்ணம். வராண்டாப் பாய் நமக்குக் கற்றுக்கொடுத்த எண்ணம் அது.

தனியாக உட்காராமலே என்ன செய்யலாம் என்பதற்கு நம் பள்ளிகளிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அதை யாரும் இந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகள், எந்த வகுப்பு என்பதை வைத்து இல்லாமல், எவ்வளவு தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து வேலை செய்கிறார்கள். செயலியில் மதிப்பெண் ஏற்றுவது பற்றி ஆசிரியர்கள் புலம்புவதை நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் புலம்பலில் பாதிக்கு மேல் நியாயம். ஆனாலும் இந்தப் பிரிப்பில் ஒரு பெரிய நன்மை உண்டு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு 'அ, ஆ' மட்டும்தான் தெரியும் என்றால் அவன் தனித்துத் தெரிய மாட்டான். அரும்பில் அவனோடு இன்னும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். எல்லாரும் கையில் அட்டை வைத்திருப்பார்கள், எல்லாரும் பாடுவார்கள். சிறப்புப் பயிற்றுநர் பையைத் திறக்க வேண்டிய இடம் அந்த அரும்புக் குழுவின் நடுவேதான். அவர் கொண்டுவரும் அட்டையால் மற்ற ஏழு பேருக்கும் லாபம். வகுப்பாசிரியரும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்த்துக்கொள்வார்.

வாசிப்பில் திணறும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டிஸ்லெக்சியா என்றதும் பலருக்கு 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' நினைவுக்கு வரும். அந்தப் படம் பெற்றோர் பலருக்கு நல்லது செய்தது, மறுக்கவில்லை. ஆனால் அதில் வரும் சிறுவன் அபாரமாக ஓவியம் வரைகிறவன். நம் வகுப்பில் இருப்பவனுக்கு வரையவும் வராது, பாடவும் வராது என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கும் வாசிக்கச் சொல்லித்தர வேண்டும்தானே? மறைந்திருக்கும் மேதையைத் தேடுவதை விட்டுவிட்டுக் கொம்பும் காலும் எங்கே அவனைத் தடுக்கின்றன என்று பார்ப்பது மேல்.

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்து ஒலிக்கு நேர்மையானதுதான். என்றாலும் இந்தப் பிள்ளைகளுக்கு அதில் தனிப்பட்ட சில பள்ளங்கள் உண்டு. 'கொ' என்பதைக் காது கேட்கும் வரிசை முதலில் க், பிறகு ஒ. கண் பார்க்கும் வரிசையோ முதலில் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். உயிரொலி மெய்யை இரண்டு பக்கமும் சூழ்ந்து நிற்கிறது. 'கௌ'-வின் கடைசி உருவம் அச்சு அசல் 'ள' போலவே இருக்கிறது. உகரத்துக்கு ஒரே அடையாளம் கிடையாது: கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. ஒரே 'க' என்ற எழுத்து 'கல்'லில் ஒரு விதமாகவும், 'தங்கம்' என்பதில் வேறாகவும், 'அகம்' என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. ல, ள, ழ குழப்பத்தைச் சொல்லவே வேண்டாம். பெரியவர்களே அதைத் தாண்டவில்லை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து னை, ணை, லை போன்றவற்றின் பழைய சுழிகளை எடுத்ததால் சுமை கொஞ்சம் குறைந்தது. உகர வரிசை அப்படியே நின்றுவிட்டது.

மற்றப் பிள்ளைகள் இந்தப் பள்ளங்களைத் தெரியாமலே தாண்டிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் ஒவ்வொன்றையும் காட்டிக் கையைப் பிடித்து நடத்த வேண்டியிருக்கிறது. 247 எழுத்தையும் அட்டவணையாகச் சுவரில் ஒட்டி ஒப்பிக்க வைப்பதால் அவர்களுக்குப் பயனில்லை. ஒரு குறியை மட்டும் எடுத்து அதையே பல மெய்களோடு சேர்த்துச் சில வாரம் பழக்க வேண்டும். மணலில் விரலால் எழுதலாம், தட்டில் பரப்பிய உப்பில் எழுதலாம், புளியங்கொட்டையை அடுக்கலாம். வகுப்பு முன்னால் எழுப்பி நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லாமல் இருப்பது அதைவிட முக்கியம். அறிவியல் பாடத்தில் விடையை வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். அங்கே சோதிப்பது செடியைப் பற்றிய அறிவைத்தான், எழுத்துக் கூட்டுவதை இல்லை. சென்னையில் 1991-இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் ஏறக்குறைய இதையேதான்.

இதில் குறைபாட்டுச் சான்றிதழ் என்ற விவகாரம் குறுக்கே வருகிறது. கற்றல் குறைபாட்டுக்கு 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பிள்ளை மூன்றாம் வகுப்பையோ எட்டு வயதையோ எட்டும்போதுதான் பள்ளியில் முதல்கட்டப் பரிசோதனையே நடக்கும். அது சரியான எச்சரிக்கை; ஐந்து வயதில் முத்திரை குத்தினால் வெறுமனே மெதுவாக வருகிற பிள்ளையும் மாட்டிக்கொள்ளும். ஆனால் பள்ளிகளில் இது எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்றால், சான்றிதழ் வரும்வரை எதுவும் செய்ய வேண்டாம் என்று. ஒன்றாம் வகுப்பில் தெரிந்த சிரமத்துக்கு நான்காம் வகுப்பில் காகிதம் வரும்போது அந்தப் பிள்ளை 'எனக்குப் படிப்பு வராது' என்ற முடிவுக்கு வந்திருக்கும். ஓரிடத்தில் நிலையாக உட்கார முடியாத ஏ.டி.எச்.டி. பிள்ளையின் பாடு இன்னும் மோசம். 2016 சட்டத்தின் அந்த 21 வகையில் அது இல்லவே இல்லை. உதவித்தொகைக்கும் பொதுத்தேர்வுச் சலுகைக்கும் காகிதம் வேண்டும், சரி. முன் வரிசையில் உட்கார வைப்பதற்கு எதற்குக் காகிதம்?

உண்மையில் வேண்டியவற்றில் பெரும்பகுதி காசில்லாதவை. காதுக்கருவி போட்ட பிள்ளைக்கு, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் ஆசிரியர் பேசாதவருக்குச் சமம். திரும்பி நின்று முகம் காட்டிப் பேசினால் பாதிப் பாடம் போய்ச் சேரும். தகரக் கூரையில் மழை அடிக்கும் நேரம் அந்தப் பிள்ளைக்குப் பாடம் இல்லை என்பதும் நினைவிருக்க வேண்டும். மங்கலாகப் பார்க்கும் பிள்ளைக்குப் பளபளக்கும் பலகை எதிரி. நோட்டில் ஸ்கெட்ச் பேனாவால் தடித்த கோடு போட்டுக்கொடுத்தால் எழுத்து கோட்டில் நிற்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளை அழுவது பெரும்பாலும் அடம் இல்லை. திடீரென்று அடித்த மணியோ, சொல்லாமல் மாறிய வேலையோ காரணமாக இருக்கும். இன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதை வரிசையாகப் படமாக வரைந்து ஒட்டிவைத்து, மாறும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அழுகை குறையும். துறுதுறுவென்று இருப்பவனைச் சாக்பீஸ் எடுத்துவர அனுப்பலாம், வருகைப் பதிவேட்டைப் பக்கத்து அறையில் கொடுக்கச் சொல்லலாம். விரல் இறுகிய பிள்ளையின் பென்சிலில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினால் பிடி கிடைக்கும்.

இந்த வகையில் நம் பள்ளிகளில் ஏற்கெனவே சரியாக நடப்பது சாப்பாட்டு நேரம். 2022 முதல் வந்த காலை உணவும், அதற்கு வெகு முன்பிருந்தே இருக்கும் சத்துணவும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கின்றன. தட்டைப் பிடிக்க முடியாதவனுக்குப் பக்கத்திலிருப்பவள் பிடித்துக்கொள்கிறாள். யாரும் அவளுக்கு உள்ளடக்கிய கல்வியில் பணிமனை நடத்தவில்லை.

காசு தேவைப்படுகிற இடமும் ஒன்று உண்டு, அங்கே சமாதானம் சொல்லக்கூடாது. கழிப்பறை. மூளை முடக்குவாதம் உள்ள பெண்பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருக்கும் அம்மாக்கள் பலர் நாள் முழுக்கப் பள்ளி மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரே காரணத்துக்காக: பிள்ளையைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போக வேறு ஆள் கிடையாது. அந்த அம்மாவின் கூலி போகிறது, நூறு நாள் வேலை போகிறது. சில வீடுகளில் தாகமெடுத்தாலும் தண்ணீர் குடிக்காதே என்று சொல்லி அனுப்புகிறார்கள். சாய்தளம் இருக்கிறதே என்று அதிகாரிகள் காட்டுவார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலி ஏறும். இடமில்லை என்று நாலடியில் முடித்த சாய்தளத்தில் மற்றப் பிள்ளைகள் சறுக்கி விளையாடத்தான் முடியும். தனியார் பள்ளிகளின் கதை வேறு. அங்கே சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் பிள்ளையோடே இருக்க ஒரு 'ஷேடோ டீச்சரை' நீங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வசதியுள்ள வீடு வைத்துக்கொள்ளும்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் அந்தப் பிரிவில் அடக்கம். ஆகவே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் குழுக் கூட்டத்தில் நாற்காலி உண்டு. அங்கே அவர் கேட்க வேண்டியவை சிக்கலானவை இல்லை. வருகிற மாதம் தமிழிலும் கணக்கிலும் என் பிள்ளை கற்கவேண்டியது என்ன, அதை யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் வகுப்பாசிரியரும் அவரும் பத்து நிமிடமாவது சேர்ந்து பேச நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? கழிப்பறைக்குக் கைப்பிடியும் மேற்கத்திய கோப்பையும் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம் போனதா, எந்தத் தேதியில்? பதிலை வாயால் வாங்கிக்கொண்டு வரக்கூடாது. தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும்.