சினைக் குதிரையின் ஹார்மோன்: எல்லாம் ஒன்றல்ல

மாடுகளில் ஒரே பருவத்தில் பல கருமுட்டைகள் வளரவும், செம்மறியாடுகள் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரவும் போடப்படும் ஊசி மருந்து ஒன்று சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து கிடைக்கிறது. கால்நடை மருத்துவர்கள் அதை பி.எம்.எஸ்.ஜி. என்பார்கள், இப்போது ஈ.சி.ஜி. என்ற பெயரும் வழங்குகிறது. 1930-இல் அமெரிக்காவில் கோல், ஹார்ட் ஆகிய இருவர் இதைக் கண்டறிந்தனர்.

இந்த ஹார்மோன் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சுரப்பதில்லை. சினையான சுமார் 36-ஆம் நாளில், கருவைச் சுற்றியுள்ள உறையின் செல்கள் தாயின் கருப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே புகுந்து, குதிரைலாட வடிவில் வெளிறிய சிறு கிண்ணங்களாகத் திரள்கின்றன. ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. அந்நியச் செல்கள் என்பதால் தாயின் வெள்ளணுக்கள் அவற்றைச் சூழ்ந்து மெல்ல அழித்துவிடும். அதனால் 55 முதல் 70 நாட்களில் உச்சம் தொடும் அளவு, ஐந்தாம் மாதத்துக்குள் ஏறக்குறைய மறைந்துபோகிறது.

குதிரையின் பிட்யூட்டரி சுரக்கும், கருமுட்டை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோனுக்கும் இதற்கும் புரதம் ஒன்றே, மரபணுவும் ஒன்றே. வேறுபாடு சர்க்கரைச் சங்கிலிகளில் இருக்கிறது. ஈ.சி.ஜி.யின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது சர்க்கரை. அதிலும் சியாலிக் அமிலம் மிகுதி. அதனால்தான் மாட்டின் இரத்தத்தில் அது நாள்கணக்கில் நீடிக்கிறது. குதிரையில் எல்.எச். போல மட்டுமே செயல்படும் இது, பிற விலங்குகளில் கருமுட்டைகளை வளரச் செய்யும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

அந்த இரு வேலைகளின் விகிதம் குதிரைக்குக் குதிரை மாறும். அளவோ, கரு யாருடையது என்பதைப் பொறுத்தது. ஆண் கழுதையுடன் இணைந்து கோவேறு கழுதையைச் சுமக்கும் பெட்டைக் குதிரையில் அளவு வெகு குறைவு. ஆண் குதிரையுடன் இணைந்து சினையான பெண் கழுதையில் அது மிக அதிகம். தாயைவிடக் கருவின் தந்தையே இங்கே முடிவு செய்கிறது என்பது வியப்பான உண்மை. எனவே மில்லிகிராம் கணக்கு இங்கே உதவாது. ஆய்வக எலிகளில் சோதித்து, செயல்திறனை யூனிட்டுகளில் குறிக்கிறார்கள். யூனிட் சமமாக இருந்தாலும் இரு தயாரிப்புகள் ஒரேபோல வேலை செய்யும் என்று சொல்வதற்கில்லை.

சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கும் பிரிமாரின் முற்றிலும் வேறு. அது ஈஸ்ட்ரோஜன்களின் கலவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான மருந்தாக 1942-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

டெல்லிக்கு வடமேற்கே ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம், இரத்தத்தில் ஈ.சி.ஜி.யைக் கண்டு சினையை உறுதிசெய்யும் எலைசா பரிசோதனையை உருவாக்கியது. கோவேறு கழுதை வளர்ப்போர் இதில் கவனமாக இருக்க வேண்டும்: அத்தகைய சினையில் ஹார்மோன் குறைவு. கிண்ணங்கள் உருவான பின் கரு இறந்தாலும் ஹார்மோன் சில வாரங்கள் தொடரும். இரத்தப் பரிசோதனை எந்த முடிவைச் சொன்னாலும், ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்வதே சரி.