தேடல் பெட்டிக்குள் ஓர் ஏலம்

இணையப் பக்கத்தின் ஓரத்தில் மின்னும் விளம்பரப் பலகை, எதிரே இருப்பவருக்கு என்ன தேவை என்று ஊகித்துத்தான் பேச முடியும். தேடல் பெட்டியில் அந்த ஊகத்துக்கே இடமில்லை. ‘கேமரா வாடகைக்கு’ என்று ஒருவர் தட்டிவிட்டால், தனக்கு என்ன வேண்டும் என்பதை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பொருள். அந்த நொடியில் அவர் கண்ணில் படுவதற்குக் கடைக்காரர் தாராளமாகக் காசு கொடுப்பார். விரல் அகலம்கூட இல்லாத அந்த வெள்ளைக் கட்டத்தின் மதிப்பெல்லாம் இதில்தான் இருக்கிறது.

இதை முதலில் பெரிய வணிகமாக்கிக் காட்டியவர் பில் கிராஸ். கலிஃபோர்னியாவின் பசடீனா நகரிலிருந்து 1998-இல் அவர் தொடங்கிய ‘கோடூ’ தேடுபொறி, தேடல் சொற்களை ஏலத்தில் விட்டது. அதிகம் கேட்டவரின் விளம்பரம் மேலே வரும்; யாராவது அதைக் கிளிக் செய்தால் மட்டுமே கட்டணம். அதே ஆண்டில்தான் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும், விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எச்சரித்தார்கள். பின்னாளில் அவர்களுடைய கூகுளே இந்த வணிகத்தின் மிகப்பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அந்த எச்சரிக்கை இன்றும் செல்லுபடியாகும் என்றே நான் நினைக்கிறேன்.

கிராஸின் ஏலத்தில் ஒரு கோளாறு இருந்தது. வென்றவர் தான் கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும். அதனால் போட்டியாளரைவிட ஒரு சென்ட் மட்டும் கூட்டிக் கேட்பது, அவர் விலகியதும் சட்டென்று குறைப்பது என்று விளம்பரதாரர்கள் மென்பொருள் வைத்து ஓயாமல் விளையாடினார்கள். விலை ஏறுவதும் சரிவதுமாக ரம்பப் பல்போல ஆடியது. 2002-இல் கூகுள் தன் ஏலத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தது. கேட்ட தொகையோடு, அந்த விளம்பரத்தை மக்கள் எவ்வளவு கிளிக் செய்கிறார்கள் என்பதையும் பெருக்கி வரிசைப்படுத்தியது. கட்டணமாக, தனக்கு அடுத்த இடத்தில் இருப்பவரைத் தாண்டப் போதுமான அளவை மட்டும் வாங்கியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அழகு புரியும். ஒரு கிளிக்குக்கு முதல் கடைக்காரர் 40 ரூபாய், இரண்டாமவர் 30, மூன்றாமவர் 20 தருவதாகச் சொல்கிறார்கள். நூறு முறை காட்டினால் முதலாமவர் விளம்பரத்துக்கு 2 கிளிக், இரண்டாமவருக்கு 5, மூன்றாமவருக்கு 3 விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 80, 150, 60. ஆக, 40 ரூபாய் கேட்டவரை முந்திக்கொண்டு 30 ரூபாய்க்காரர் மேலே போகிறார். அவர் தாண்ட வேண்டியது 80. அதை 5-ஆல் வகுத்தால், கிளிக்குக்கு 16 ரூபாய் கட்டினால் போதும். கீழே இறங்கியவரோ 60-ஐ 2-ஆல் வகுத்து 30 ரூபாய் கட்டுகிறார்! தேடுபவருக்குப் பயன்படாத விளம்பரத்துக்குத் தண்டனை, பயன்படுவதற்குச் சலுகை. நடைமுறையில் விளம்பரம் கொண்டுசேர்க்கும் பக்கத்தின் தரம் உள்ளிட்ட வேறு சங்கதிகளும் இதில் சேரும். தேடும் ஒவ்வொரு முறையும் முடிவுகள் திரையில் வருவதற்குள் இந்த ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது.

இனி, பெட்டியை வைத்திருப்பவரின் பங்கு. கூகுளின் தேடல் பெட்டியைத் தன் தளத்தில் பொருத்திக்கொள்ளும் பத்திரிகையோ பயண நிறுவனமோ, அதன் வழியே வரும் விளம்பரப் பணத்தில் 51 விழுக்காட்டைப் பெறுகிறது. மேலே சொன்ன 16 ரூபாயில் சுமார் 8 ரூபாய். இந்த விகிதத்தைக் கூகுள் வெளியிட்டதே 2010-இல்தான். அதுவரை தங்கள் பங்கு எத்தனை விழுக்காடு என்று தெரியாமலேயே தளக்காரர்கள் காசோலையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது நியாயமான ஏற்பாடு இல்லை. சிறு தளங்களுக்கு இதில் பெரிய தொகை வராது. வாசகர்கள் படிக்கத்தான் வருகிறார்கள், அங்கிருந்து தேடுபவர்கள் குறைவு. வருமானத்தைக் கூட்ட நினைத்துத் தன் விளம்பரத்தைத் தானே கிளிக் செய்தால் கணக்கே முடக்கப்படும்.

தேடலே வேலையாக இருக்கும் இடங்களில் கதை வேறு. 2004-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் மூலையில் இருந்த தேடல் பெட்டிதான், லாப நோக்கில்லாத மோசில்லா அறக்கட்டளையின் பணிகளுக்குச் சோறு போட்டது. ஆப்பிளின் சஃபாரி உலாவியில் இயல்பான தேடுபொறியாக இருப்பதற்கு மட்டும் 2022-இல் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர். அங்கே கிடைக்கும் தேடல் விளம்பர வருமானத்தில் ஆப்பிளின் பங்கு 36 விழுக்காடு என்ற ரகசியம், அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கின் விசாரணையில் கூகுள் தரப்புச் சாட்சி ஒருவரின் வாயிலிருந்தே வெளிவந்தது.

பிறர் தளங்களில் இருக்கும் பெட்டிகளுக்காகவும் வழக்கு நடந்தது. போட்டி நிறுவனங்களின் தேடல் விளம்பரங்களை வைக்கக் கூடாது என்று தளக்காரர்களை ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டதாகச் சொல்லி, 2019-இல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 149 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஒப்பந்தங்களின் கால அளவை ஆணையம் சரிவர ஆராயவில்லை என்று கூறி, 2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த அபராதத்தை ரத்து செய்தது.

அமெரிக்க வழக்கில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்த நீதிபதி அமித் மேத்தா, ஓராண்டு கழித்துத் தீர்வைச் சொன்னார்: வேறு யாரையும் சேர்க்கக் கூடாது என்ற பிரத்யேக ஒப்பந்தங்கள் கூடாது, ஆனால் இடத்துக்குப் பணம் கொடுப்பது தொடரலாம். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2025 மே மாதம், ஆப்பிள் அதிகாரி எடி கியூ அதே நீதிமன்றத்தில் ஒரு செய்தி சொன்னார்: மக்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்கத் தொடங்கிவிட்டதால், சஃபாரியில் தேடல் எண்ணிக்கை முதன்முறையாகக் குறைந்திருக்கிறது. மொத்தத் தேடல்கள் கூடிக்கொண்டுதான் இருக்கின்றன என்று கூகுள் உடனே மறுத்தது. அன்று ஒரே நாளில் அதன் தாய் நிறுவனப் பங்கு விலை 7 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது.